மூக்கைத் தூக்கும் படகு

படகின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அந்த முடிச்சுகள் அவர் போட்டவை அல்ல. போன கோடையில் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவி போட்டவை. ஒரு முடிச்சு போதும் என்கிற இடத்தில் மூன்று போடுவாள். ஒவ்வொரு வருடமும் அவர் குந்தி உட்கார்ந்து, நகம் பிய்ய அவிழ்த்தபடியே, "இது படகா, பார்சலா?" என்று கத்துவார். "கட்டினது நான். காத்துல பறக்காம இருந்துச்சா இல்லையா?" என்று அவள் வாடகை வீட்டு வாசலிலிருந்தே பதிலுக்குக் கத்துவாள்.

"அறுத்துடலாமாப்பா?" என்று கேட்டாள் பெரியவள். கையில் சமையலறைக் கத்தி இருந்தது.

"வேணாம்."

அவர் நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கி, கிரீஸும் கம்பி வடமுமாக வருடம் முழுக்க ஓடும். கோடையில் மட்டும் குடும்பத்தோடு இந்த ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். படகு சொந்தம். வருடத்தில் பாக்கி நாளெல்லாம் படகுத்துறைக் கொட்டகையில் கிடக்கும். ஐந்து பேர் நெருக்கியடித்து உட்காரலாம். பின்பலகையில் தொங்கிய மோட்டாருக்குப் பெரியவளைவிட வயது அதிகம். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய பழைய வகை. கிளப்பினால் ஏரி முழுக்கப் புகை. யாரோ தூக்கி எறிய இருந்ததை வாங்கி, பிரித்து மேய்ந்து, திரும்பப் பூட்டி ஓடவைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்கிற வேலை. வீட்டில் மைக் தேவைப்படாத குரல். அந்த மோட்டார் முழு வேகத்தில் இரையும்போதும் அவள் பேசுவது பின்சீட்டுக்குக் கேட்கும். மழைக்காலத்தில் ஒரு நாள், மதிய ஷிஃப்டில், தலை வலிக்கிறது என்று மைக்கை அணைத்துவிட்டு மேசையில் சாய்ந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

இந்த வருடம் ஏரிக்கரைக்கு வர வேண்டாம் என்றுதான் பெரியவள் நினைத்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், விடுப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றும் இருந்தாள். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த சின்னவள்தான், "அப்பா தனியா போயிடுவாருக்கா, பாத்துக்கோ" என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. மூவருமாக வந்துவிட்டார்கள்.

தார்ப்பாய் விலகியதும் அவர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். மோட்டார் இரண்டு முறை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மூவர் முகமும் கொஞ்சம் மலர்ந்தது உண்மை. சின்னவள் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் குதித்து ஏறினாள். பின்சீட்டில் அக்காவும் தங்கையும் அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

துறையைத் தாண்டியதும் அவர் வேகத்தைக் கூட்டினார். படகு தண்ணீரை உழுது, முதுகை நிமிர்த்தி, மேலேறி வழுக்க ஆரம்பித்தது. எப்போதும் அந்த இடத்தோடு ஆட்டம் அடங்கிவிடும். இம்முறை படகின் மூக்கு மேலே எழும்பியது, தொப்பென்று விழுந்தது, மறுபடியும் எழும்பியது. தவளை தாவுவதுபோல ஒரே சீராக எழும்பி எழும்பி விழுந்தது. பின்சீட்டில் இருவருக்கும் பல் கிட்டியது.

"அப்பா, குடல் வெளிய வந்துடும்போல இருக்கு" என்றாள் சின்னவள்.

அவர் வேகத்தைக் குறைத்தார். மூக்கு அடங்கியது. கூட்டினார். திரும்பவும் தாவியது. படகைத் துறைக்குத் திருப்பினார்.

அன்றிலிருந்து அவருக்கு அதுவே வேலையாகிப்போனது.

காலையில் மகள்கள் எழும்போது அவர் பின்பலகையில் குப்புறக் கிடப்பார். மோட்டார் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை ஒரு இரும்புப் பின் தீர்மானிக்கிறது. அதை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டார். மூக்கு அமுங்கியது, ஆனால் வேகம் செத்துப்போய் ஸ்டியரிங் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. பழைய துளைக்கே கொண்டுவந்தார். மோட்டாரைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பூட்டினார். பிறகு ஏற்றிப் பூட்டினார். கொட்டகைக்காரம்மாவிடம் தண்ணீரைத் தள்ளும் விசிறி வேறொன்றைக் கடன் வாங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் மூக்கு தாவியது.

சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு இருக்கும். அவருடையது ஆறிப்போய்க் கிடக்கும்.

"வந்து சாப்டுட்டுப் போயேன்பா" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள் பெரியவள்.

"இதோ, ஒரு போல்ட்டுதான்."

"அந்த ஒரு போல்ட்ட காலைலேருந்து முடுக்குறே."

அவர் காதில் விழாததுபோல ஸ்பானரைத் தேடுவார்.

ஆனாலும் நல்ல பொழுது ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரம், காற்று அறவே நின்று, ஏரி எண்ணெய் ஊற்றியதுபோலப் பளபளவென்று கிடந்தது. அவர் சின்னவளைச் சக்கரத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். தாவல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு வேகம் இருந்தது. அந்த வேகத்தில் பிடித்தால் படகு குழந்தையைப் போல அடங்கிப் போகும். அதைக் கையால் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "கண்ணால தேடாத. நீ உக்காந்திருக்குற இடத்துல தெரியும்" என்றார். சின்னவள் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்தாள். மரங்கள் வரிசையாகப் பின்னால் போயின. பெரியவள் கையைத் தண்ணீரில் விட்டு, விரல்களுக்கிடையே அது பிளந்துகொண்டு போவதைப் பார்த்தபடி வந்தாள். மோட்டார் அவ்வளவு சுத்தமாக ஓடியதை அவர்கள் கேட்டதே இல்லை. புகைகூடக் குறைந்திருந்தது.

"இதுவே போதும்பா. இப்படியே ஓட்டிக்கலாம்" என்றாள் பெரியவள்.

"இது ஓட்டமா? நடை" என்றார். மறுநாள் காலை மறுபடியும் ஸ்பானர்.

அந்த வாரக் கடைசியில் மாமா வந்தார். செத்துப்போனவளுக்கு ஒரே தம்பி. டயர் கடை வைத்திருந்தார். டயர் விற்று விற்று டயராகவே ஆகிவிட்டான் என்று அக்காள்காரி அவர் வயிற்றைத் தட்டிச் சொல்வாள். உன்னைவிட ஒரு சுற்று கம்மிதான் என்று அவரும் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் ஒரே அகல நெற்றி, சிரித்தால் மூடிக்கொள்கிற ஒரே மாதிரிக் கண். காரிலிருந்து ரொட்டிப் பொட்டலங்களோடு இறங்கும்போதே, "என்ன அத்தான், மோட்டாரக் கொன்னுட்டீங்களா, இன்னும் உசிரோட வெச்சிருக்கீங்களா?" என்றார். பல நாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மத்தியானம் எல்லோருமாகப் படகில் ஏறினார்கள். பின்சீட்டில் பெண்கள் இருவரும் உட்கார்ந்த பிறகு மாமாவின் உடம்புக்கு அங்கே இடமில்லை. கண்ணாடித் தடுப்பைத் தாண்டி முன்முனையில் ஒரு சின்னக் குழிவும் அதில் ஒரு மெத்தையும் இருந்தன. அவர் தட்டுத்தடுமாறி அங்கே போனார். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கும் என்று, முதுகைப் படகின் முனைக்குக் கொடுத்து இவர்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

படகு வாங்கிய பத்து வருடமும் அவருடைய அக்காள் உட்கார்ந்த இடம் அது. உட்கார்ந்த விதமும் அதுதான். அவளுக்குத் தண்ணீர் எதிரே வருவதைப் பார்த்தால் பயம். அதனால் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடும்பத்தைப் பார்த்தபடி, நிறுத்தாமல் பேசிக்கொண்டே வருவாள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒரு கணம் தயங்கினார். பிறகு வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் பிடியைத் தள்ளினார்.

படகு மேலேறியது. மூக்கு ஒரு முறை எழும்பிப் பார்த்துவிட்டு இறங்கியது. அப்புறம் எழும்பவில்லை. வேகம் கூடிக்கொண்டே போயிற்று. அடியில் தண்ணீர் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல ஓடியது. இத்தனை நாள் செய்த வேலையெல்லாம் சேர்ந்து, அந்தப் பழைய மோட்டார் அதன் ஆயுளில் ஓடாத ஓட்டம் ஓடியது.

மாமா இரண்டு கையையும் விரித்தார். "என்னமோ தாவுது தாவுதுன்னாங்க? பறக்குது அத்தான். வேற ஒண்ணுமில்ல, முன்னாடி எங்க குடும்பத்து ஆளு ஒண்ணு உக்காரணும். அக்கா இல்லாம லேசாப்போயி மூக்கத் தூக்கியிருக்கு, அவ்ளோதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா மோட்டாரை அணைத்தார். படகு தன் அலையிலேயே ஆடி நடு ஏரியில் நின்றது. சத்தமெல்லாம் போனதும் தண்ணீர் பக்கவாட்டில் அடிப்பது மட்டும் கேட்டது.

"மச்சான், நீ பின்னால வந்து உக்காரு" என்றார் அவர்.

"அத்தான், நான் சும்மா..."

"பின்னால வா."

மாமா எழுந்து வந்தார். சின்னவள் நகர்ந்து, அக்காவின் பாதி மடியில் உட்கார்ந்து இடம் விட்டாள். பின்பக்கம் இப்போது முன்னைவிடக் கனம். துறை வந்து சேரும்வரை படகு தாவித் தாவி விழுந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் எல்லோருக்கும் முதுகெலும்பு தெறித்தது.

கரையேறியதும் மாமா வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். கழுவியதையே திரும்பக் கழுவினார். சின்னவள் பக்கத்தில் நின்று துணியால் துடைத்து அடுக்கினாள். "வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுடா" என்று அக்காள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள் என்றார் அவர். சின்னவள், "விடுங்க மாமா" என்றாள்.

பெரியவள் மட்டும் துறைக்குத் திரும்பப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா படகைக் கட்டிவிட்டு, பலகையின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"உனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

அவர் படகைக் கட்டிய கயிற்றை இழுத்து இறுக்கினார்.

"லிஃப்டுக்கு எடை கட்டுறதுதான் உன் பொழப்பு. கூண்டுல ஒரு சாமான் குறைஞ்சா எதிர்ப்பக்கம் எவ்ளோ கழட்டணும்னு தூக்கத்துல சொல்லுவே. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப்பா இத்தனை நாளு?"

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கிரீஸ் ரேகைகளில் ஏறிப் போயிருந்தது. "பின்னு, விசிறி, உயரம், இதுல எதையாவது மாத்திச் சரிபண்ணிட முடியும்னு பாத்தேன். முன்னாடி எதையாவது தூக்கி வெச்சாத்தான் சரியாகும்னா, அங்க எதை வைக்கிறது? மணல் மூட்டையா?"

பெரியவள் படகின் முன்முனையில் காலியாகக் கிடந்த மெத்தையைப் பார்த்தாள்.

"நான் இந்த ஏரியவே பாத்ததில்ல, தெரியுமா?" என்றார் அவர். "சக்கரத்துல உக்காந்தா எதிர்ல அவ மூஞ்சிதான். தலைக்கு மேலயும் காதுக்குப் பக்கத்துலயும் கொஞ்சம் தண்ணி தெரியும். அத வெச்சுத்தான் ஓட்டுவேன். நகருடின்னு சொன்னா, நீங்க பாத்து ஓட்டுங்கம்பா. இந்தத் தடவ முதல் நாள் வேகம் கூட்டினப்போ எதிர்ல ஒண்ணுமே இல்ல. இவ்ளோ பெருசா இருந்துச்சு ஏரி."

அவள் அழுதாள். துடைத்துக்கொண்டு பேசியபோது குரலில் கோபம்தான் வந்தது.

"ஆஸ்பத்திரிலேருந்து ஃபோன் எனக்குத்தான் வந்துச்சு. நீ எதோ மாடில, சிக்னல் இல்லாத குழிக்குள்ள இருந்தே. தங்கச்சிக்கு நான்தான் சொன்னேன். உனக்கும் நான்தான் சொன்னேன். எனக்கு யாரு சொன்னா? ஒரு நர்ஸு. அவங்க பேரு கூடத் தெரியாது. அன்னையிலேருந்து இன்னை வரைக்கும் நீ அதப்பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மோட்டாருக்கு எங்க வலிக்குதுன்னு மட்டும் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறே."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்ப்பது அப்போதுதான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இளைச்சுப் போயிட்டியேம்மா" என்றார்.

"இப்போதான் தெரியுதா?"

"என்ன சொன்னாங்க? அந்த நர்ஸு."

அவள் சொன்னாள். கடையில் எந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், கையில் என்ன இருந்தது, எதிரே நின்ற வாடிக்கையாளர் எப்படித் தானே கதவைச் சாத்திவிட்டுப் போனார், எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எதிர்க்கரை மங்கி மறையும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். வீட்டிலிருந்து மாமா சாப்பிடக் கூப்பிட்டதும் அவர்தான் முதலில் எழுந்து, மகளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

காலையில் மாமா பெட்டியைத் தூக்கி காரில் வைக்கப் போனார். "எங்க கிளம்பிட்டே? வேலை கெடக்கு, கைலியக் கட்டிட்டு வா" என்றார் அப்பா. மன்னிப்பு என்ற சொல் இரு தரப்பிலும் வரவில்லை.

பெட்ரோல் டாங்கும் பேட்டரியும் பின்சீட்டுக்கு அடியில் இருந்தன. இரண்டையும் முன்முனைக் குழிவின் அடியறைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. மெத்தையின்மேல் எதையும் வைக்கக் கூடாது என்று சின்னவள் சொன்னாள். "வைக்கல. அடியிலதான்" என்றார் அவர். நீளமான ரப்பர்க் குழாயும் கனத்த ஒயரும் கொட்டகைக்காரம்மாவிடம் கிடைத்தன. ஒயர் மெலிசாக இருந்தால் அத்தனை தூரத்துக்கு மின்சாரம் களைத்துப்போய் மோட்டார் கிளம்பாது என்று எச்சரித்துவிட்டு, தடித்ததாகவே வெட்டிக் கொடுத்தாள் அந்த அம்மா. பக்கவாட்டுப் பலகைக்குள் அதைச் செலுத்த அவர் கை நுழையவில்லை. மாமாவின் கையைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரியவள் படுத்து, தோள்வரை கையைவிட்டு, வளைத்த கம்பியால் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தாள். "இன்னும் கொஞ்சம். மெல்ல. ஆங், புடிச்சுட்டேன்" என்று அவள் சொல்லும்போது மறுமுனையில் அவர் ஒயரை விட்டுக்கொடுத்தார். அவளுடைய முழங்கை சிராய்த்தது. அவர் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். அழுக்குச் சட்டை. மருந்துக் கடைக்காரி ஒன்றும் சொல்லாமல் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒயரையும் குழாயையும் இணைத்து முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. மாமா துறையிலேயே நின்றுகொண்டார். "நான் ஏறினா கணக்குத் தப்பும்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மூவரும் போனார்கள். முன் மெத்தை காலியாக இருந்தது. அவர் த்ராட்டிலைத் தள்ளினார். படகு மேலேறியது. மூக்கு அசைந்தது, இறங்கியது, நின்றது. முழுக்கத் தள்ளியபோது மட்டும் மெல்ல ஒரு தலையாட்டல். கொஞ்சம் இழுத்ததும் அதுவும் போய்விட்டது. சீராக ஓடியது. மாமா முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஓடிய அதே ஓட்டம்.

சின்னவள் கையைத் தூக்கி ஊளையிட்டாள். "சரியாயிடுச்சுப்பா" என்று கத்தினாள்.

"ஆமா. சரியாயிடுச்சு" என்றார் அவர்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தார். நியூட்ரலில் போட்டு, மோட்டாரை அணைத்தார்.

"என்னப்பா?" என்றாள் சின்னவள்.

"ஒரு சத்தம் கேட்டுச்சு. பாத்துடறேன்."

எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவர் பின்னால் வந்து, மோட்டாரின் மூடியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். இரண்டு கையையும் மோட்டாரின் இரு பக்கமும் ஊன்றிக் குனிந்தார். ஸ்பானர் எடுக்கவில்லை. எதையும் தொடவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. சின்னவள் எழப் போனாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விடு. பாக்கட்டும்" என்றாள்.

படகு காற்றில் மெல்லத் திரும்பியது. துறையில் மாமா சின்னதாகத் தெரிந்தார். என்ன ஆயிற்று என்று கேட்பதுபோலக் கையை அசைத்தார். சின்னவள் பதிலுக்குக் கையசைத்தாள். சூடான மோட்டார் ஆறும்போது எழுகிற டிக் டிக் சத்தம் வந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் மூடியை எடுத்து மாட்டினார். கொக்கிகளை அழுத்திப் பூட்டினார். முகத்தைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் தீற்றிக்கொண்டது.

"நீ ஓட்டும்மா" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டு, அவள் எழுந்த இடத்தில் சின்னவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவள் சாவியைத் திருப்பினாள். மோட்டார் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. எதிரே கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர் நெடுந்தூரத்துக்குக் கிடந்தது. அவள் மெதுவாகவே ஓட்டினாள்.